உன் அப்பாவின் தலைக்கு மேலே உருண்ட பீரங்கிக் குண்டு

அன்பு மகள் மெரியானாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் எருவேரா சித்தப்பாவும், காது கிழிந்த அந்தக் கிழட்டு நாய் உட்பட, மூச்சோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எங்கள் கோட்டை விழுந்தது, உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேர் கதையும் முடிந்தது என்று சிட்னிப் பத்திரிகையில் படித்துவிட்டு நீ அழுது எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உன் அப்பா அதை வீடு வீடாகக் கொண்டுபோய், நான் செத்ததற்கு என் மகள் எப்படி அழுதிருக்கிறாள் பாருங்கள் என்று காட்டிப் பெருமையடிக்கிறார். கோட்டை விழுந்தது நிஜம்தான் கண்ணு. ஆனால் உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. அதை எழுத அந்தப் பத்திரிகைக்காரனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீ படுத்துக்கொண்டே படி, கால் வீங்கும். நம் நிலத்தைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டதும், நாம் எங்கே கோட்டை கட்டுவது என்று பேச்சு வந்தது. உன் அப்பாவுக்குப் பழையபடி மலை உச்சிதான் வேண்டும். உயரமான மரவேலி, அதன்மேல் பரண், பரணில் அவர் நின்று நம் சண்டை வழக்கப்படி நாக்கை நீட்டி எதிரியின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லித் திட்டுவது. எருவேரா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது சிப்பாய்கள் வைத்திருக்கும் ரைபிளின் குழலுக்குள்ளே திருகுவரி இருக்கிறது, குண்டு சுழன்றுகொண்டு நேராக வருகிறது, பழைய துப்பாக்கி எட்டாத தூரத்தையெல்லாம் எட்டுகிறது, உயரத்தில் நிற்பவன்தான் முதலில் சாவான் என்றான். உன் அப்பா நம்பவில்லை. தன் கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆற்றோரப் பாறையில் ஏறி அந்தப் பக்கம் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். சிப்பாய்களின் தாயார்கள் வரைக்கும்தான் வந்திருப்பார், ஒரு சத்தம், தொப்பி பறந்து தண்ணீரில் போய் விழுந்தது. அது போதகர் கொடுத்த தொப்பி, உனக்கு ஞாபகம் இருக்கும். எருவேரா சிரிக்காமல், “அண்ணே, அடுத்தது தொப்பி வைக்கிற எடத்துக்குத்தான் வரும்”னு சொன்னான். அவர் இறங்கி வந்து மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து தோண்டினோம். உச்சியில் இல்லை, சரிவில். வேலி வெறும் பேருக்குத்தான். அதில் நார்ப்பாய்களைத் தொங்கவிட்டோம், பீரங்கிக் குண்டு பட்டால் துளை விழுமே தவிர என்ன ஆயிற்று என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. வேலிக்கு உள்பக்கம் மார்பளவு ஆழத்துக்கு நீளக்குழி, அதுவும் நேராக இல்லை, விலாங்கு மீன் மாதிரி வளைந்து வளைந்து. நேராக இருந்தால் ஓரத்தில் வந்து நிற்கும் ஒரே ஒருத்தன் குழி நெடுக எல்லோரையும் சுட்டுவிடுவான். குழியில் நின்றபடி வேலியின் அடியில் விட்ட இடைவெளி வழியாகச் சுடுவது, பீரங்கி முழங்கும்போது மரத்தையும் மண்ணையும் போட்டு மூடிய பெரிய குழிகளுக்குள் போய் உட்காருவது. மூடுகுழி வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா, பிறந்ததிலிருந்து வள்ளிக்கிழங்குக் குழி வெட்டுகிறவள்.

அங்கேதான் வம்பு வந்தது. நீளக்குழிக்குச் சரி என்ற மனிதர் மூடுகுழிக்குள் போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். “என்னை என்ன வள்ளிக்கெழங்குன்னு நெனச்சியா, மண்ணுக்குள்ள வச்சு மூடுறதுக்கு? கூரை மேல பொம்பளைங்க நடந்து போவீங்க, கீழ என் தலை இருக்கும். என் தலைக்கு மேல ஒரு பொம்பளை கால் பட்டா அப்புறம் நான் என்ன ஆம்பளை, என் பேச்சை எவன் கேப்பான்?” என்று கத்தினார். அதை விளையாட்டென்று தள்ள முடியாது, ஊர்த் தலைவரான அவர் தலை நம் வழக்கத்தில் எவ்வளவு புனிதம் என்று உனக்குத் தெரியும். அவருக்குச் சோறு பரிமாறும்போது கூட அவர் தலைக்கு மேலே என் கை போகாது. ஆனால் பீரங்கிக்கு அது தெரியுமா? வெளியே உட்கார்ந்தால் செத்துப்போவார், அவ்வளவுதான். அவர் வெளியே இருந்தால் இளசுகளும் வெட்கப்பட்டு வெளியேதான் இருக்கும். கடைசியில் கூரையில் கால் வைக்க மாட்டோம் என்று நாங்கள் பெண்கள் எல்லோரும் சத்தியம் செய்தோம். சாப்பாடு வைத்த இடத்தில் அந்தத் தலை நுழைந்தாலும் தீட்டாயிற்றே, அதனால் அந்தக் குழியில் கிழங்கு ஒருநாளும் வைத்ததில்லை என்று எருவேராவும் சத்தியம் செய்தான். கூரையைச் சுற்றி நார்க்கயிறு கட்டினோம், பெண் யாரும் தாண்டக் கூடாது. தண்ணீருக்குப் போகும் வழி அதற்கு நேர் குறுக்கே. தலையில் குடத்தோடு நான் சுற்றிச் சுற்றி நடந்த நடைக்கு உன்னைப் பார்க்க சிட்னிக்கே வந்திருக்கலாம்.

பீரங்கி ஆரம்பித்தது. பெண்கள் குழி தனி, அதில் நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன், நடு நடுவே உன் அப்பாவைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். கொஞ்சம் ஓய்ந்த நேரம் தலையை நீட்டிப் பார்த்தால், ஆண்கள் குழியின் கூரையில் ஒரு பக்கத்து மண்ணையெல்லாம் குண்டு வாரிக்கொண்டு போயிருக்கிறது. மரம் வெறுமனே தெரிகிறது. அடுத்தது அதே இடத்தில் விழுந்தால் உள்ளே இருக்கிற எவனும் மிஞ்ச மாட்டான். அவர்களுக்கு அது தெரியாது. கூப்பிட்டால் கேட்காது. கயிறு கண்ணுக்கு முன்னால் இருந்தது, மெரியானா. ஒரு மூச்சு நின்றேன். பிறகு மண்வெட்டியோடு தாண்டி மேலே ஏறிவிட்டேன். அவர் தலைக்கு நேர் மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து மண்ணை வாரி வாரிப் போட்டேன். போட்டுக்கொண்டே, “கெழவா, செத்துத் தொலச்சேன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்”னு கத்தியும் விட்டேன், பயத்தில் வாய் நிற்கவில்லை. நான் திரும்பி வந்து குழிக்குள் விழுந்ததும் அதே இடத்தில் இன்னொரு குண்டு விழுந்தது. கூரை தாங்கிக்கொண்டது.

உள்ளே எல்லோரும் செத்திருப்பார்கள் என்று நினைத்துச் சிப்பாய்கள் வரிசையாக நிமிர்ந்து ஓடி வந்தார்கள். நம் ஆட்கள் மூடுகுழியிலிருந்து நீளக்குழிக்கு வந்து அவர்கள் கால் மட்டத்திலிருந்து சுட்டார்கள். எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. பாவம், எத்தனையோ பையன்கள், அவர்களுக்கும் கடிதம் எழுத ஒருத்தி எங்கேயோ இருப்பாள். நம் பக்கம், பக்கத்து வீட்டுப் பராத்தேனேயின் மூத்தவனை இழந்தோம். அதன்பிறகு சிப்பாய்களும் புத்தி வந்து நம்மைப் போலவே கோணல்மாணலாகக் குழி வெட்டிக்கொண்டு கிட்டே கிட்டே வந்தார்கள். இரண்டு பக்கமும் மண்ணுக்குள். இனி எந்த மூஞ்சியைப் பார்த்து நாக்கை நீட்டுவேன் என்று உன் அப்பாவுக்கு ஒரே துக்கம். அவர்கள் நெருங்கியதும் விடியற்காலைப் பனிமூட்டத்தில் பின்பக்கத்து வழியாக நாங்கள் நடையைக் கட்டிவிட்டோம். கோட்டை என்ன, பிறந்த வீடா? இன்னொன்று வெட்டினால் ஆயிற்று. அவர்கள் உள்ளே வந்து பிடித்தது அரைவேக்காட்டு உருளைக்கிழங்குப் பானை ஒன்றைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த முதல் சண்டையில் சிப்பாய்கள் திரும்பிப்போனதும் ஆண்கள் நீளக்குழியிலிருந்து ஏறி வந்தபோது நான் மண்வெட்டியோடு நிற்கிறேன், முழங்கால் வரை மண். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். உன் அப்பா என் கால்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு அவரே ஊர் கேட்கும்படி, “ஒரு பீரங்கிக் குண்டு கூரை மேல அங்கயும் இங்கயும் உருண்டுச்சு, கேட்டீங்களாடா? ரொம்ப நேரம் உருண்டுச்சு. வாய் வேற இருந்துச்சு அதுக்கு, என்னையக் கெழவான்னுச்சு”ன்னார். எருவேராதான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து அவர் பேச்சுக்கு மரியாதை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் வீட்டில் என் பெயர் போய்விட்டது. குண்டே, தண்ணி கொண்டா என்கிறார்.

நீ ஒன்றுக்கும் கலங்காதே. பத்திரிகையைப் படிக்காதே, மீன் வாங்கிச் சுற்றவும் அடுப்பு பற்றவைக்கவும் அது போதும். காய்ந்த விலாங்கும், குழந்தைக்கு நான் பின்னிய நார்ப்பாயும் கப்பலில் அனுப்பியிருக்கிறேன், பாயை ஈரத்தில் வைத்துவிடாதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசு, பேசித் தீராவிட்டால் சத்தமாகப் பேசு. உன் அப்பா பக்கத்தில் நின்று இதையும் எழுது என்கிறார்: பெண் பிறந்தால், அது எங்கே ஏறினாலும் எதைத் தாண்டினாலும் தடுக்க வேண்டாமாம். எந்தக் கூரையில் எப்போது ஏற வேண்டும் என்று அதற்குத் தெரியுமாம், குண்டு வம்சமாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. பிள்ளை பிறந்ததும் முதல் கப்பலிலேயே சொல்லி அனுப்பு.

உன் அம்மா,
ரிபெக்கா
(உன் அப்பா கையெழுத்துப் போட மாட்டாராம். செத்தவன் எங்கேயாவது கையெழுத்துப் போடுவானா என்கிறார்.)