ரைஸ் குக்கர் வயர்

கோபி வீட்டுக்குள் நுழைந்ததும் பிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டுதான் கண்ணில் பட்டது. மனைவி தென்றலின் கையெழுத்து. கோபம் வந்தால் இப்படித்தான் பேனாவை அழுத்துவாள்.

"ஏங்க, அம்மாவுக்கு முடியலையாம், கீழ்பென்னாத்தூர் போறேன். அரிசி கழுவி ரைஸ் குக்கர்ல போட்டிருக்கேன், சுவிட்சைத் தட்டினா போதும். வத்தக்குழம்பு இருக்கு.

கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க. கிராபிக்ஸ் கார்டு ஒசத்தியா வேணும்னு காசையெல்லாம் அதுல கொட்டிட்டு, பவர் சப்ளையை யாரோ கழிச்சுப் போட்டதா வாங்கினீங்க. காலையில அதுல கருகின வாடை. சொன்னா, 'உனக்கென்ன தெரியும்'னீங்க. அதோட வயரைக் கழட்டி என் பையில எடுத்துட்டுப் போறேன். உங்க தங்கச்சி கவியா வந்தா ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்னு அடம் பிடிப்பா. விடாதீங்க.

கோபம் தீரல. அதுக்காகச் சாப்பிடாம இருக்காதீங்க."

அடியில், இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தாள்:

"ஆட்டோ வந்துடுச்சு. இப்பதான் தோணுது, ரைஸ் குக்கர் வயரும் கம்ப்யூட்டருக்குச் சேரும். சோறு வெந்ததும் ஒளிச்சு வைங்க. கவியாகிட்ட சொல்லிடாதீங்க."

கோபி சமையல் மேடையைத் திரும்பிப் பார்த்தான். குக்கரில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. வயர் இல்லை.

வாசலில் கவியாவின் செருப்பைத் தாண்டித்தான் வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளறையில் சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது.