இரண்டாம் பாகத்தில் இறந்துபோன அம்மா

மாதனூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க பள்ளிகொண்டா ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றால் உடனே வலி நின்றுவிட்டது என்கிறார். வாரா வாரம் வீடியோவில் பார்க்கிறோம், இதில் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

விஷயம் இதுதான். உன் நாவலின் இரண்டாம் பாகம் பிடிக்கவில்லை என்று நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிப்பகத்துக்கு எழுதிவிட்டார்கள், மூன்றாம் பாகம் இனி எழுதப் போவதில்லை என்று போன வாரம் சொன்னாயே, அந்த நாற்பத்தோரு பேரும் எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. பதிப்பகத்தார் பெயர்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் உனக்கு அனுப்பியதால் உனக்குத் தெரியவில்லை.

கோபப்படாமல் முழுசாகப் படி. முதல் பாகத்தை நாங்கள் பஸ்ஸிலேயே படித்து முடித்தது உனக்குத் தெரியும். காலையில் ஏறி உட்கார்ந்ததும் ஃபரீதா சத்தமாகப் படிப்பாள், ஆம்பூர் வந்ததும் மூடிவைப்பாள். பாலாற்று மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் உன் கதாநாயகி நிலாமதிக்கு மட்டும் கேட்கிறதே, அந்த இடத்தில் டிரைவர் ராமமூர்த்தி அண்ணன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டார். அடுத்த பாகம் எப்போது என்று என்னைப் பிடித்து உலுக்காத நாள் இல்லை, என்னமோ நானே எழுதுகிற மாதிரி. இரண்டாம் பாகம் வந்த ஐந்தாம் நாளே சண்டை. நிலாமதியின் அம்மா இறந்துபோகிற பக்கத்தில் ஃபரீதா நிறுத்தி, "இன்னாக்கா இது, உன் பொண்ணு பெத்தவளையே சாவடிச்சிட்டா, காலங்காத்தால பேஜாராயிடுச்சு" என்று புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டாள். செல்லம்மாளுக்கு முதல் பாகத்தில் இருந்த சிரிப்பு இதில் ரொம்பக் கம்மியாம். தையல் லைனில் புதிதாகச் சேர்ந்த எழிலரசி மட்டும், "மொதப் பாகம் கதை, இதான் நெஜம்" என்று தனியாளாக மல்லுக்கு நின்றாள்.

எங்களுக்குத்தான் எதற்கெடுத்தாலும் மனு எழுதிப் பழக்கமாயிற்றே. பஸ் லேட்டானால் மனு, கேன்டீன் சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானால் மனு. அதே மாதிரி, மேற்படி நாவலில் இறந்த தாயாரை மூன்றாம் பாகத்தில் உயிருடன் கொண்டுவர ஆவன செய்யுமாறு எழுதி, டோக்கன் நம்பரோடு கையெழுத்துப் போட்டு, புத்தகத்தில் இருந்த விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நினைப்புதான், உன் மனது நோகும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. நான் ஏன் போட்டேன் என்றால், எனக்கு உன்மேல் கோபம். அந்த அம்மா ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு பேசுகிறாள், செருப்பு மாட்டும்போது மகளைத் திட்டுகிறாள். அது நான்தானே. என்னைக் கொன்றுவிட்டாளே என்று இருந்தது.

நீ போனை வைத்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தனியாக உட்கார்ந்து படித்தேன். வெளியூரில் படிக்கிற நிலாமதி சேதி கேட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அம்மா அன்று வேலைக்குக் கட்டிவைத்த டிபன் பாக்ஸ் அடுப்பு மேடையில் இருக்கிறது. அவள் அழவில்லை, புளித்துப்போன அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்கிறாள். பூர்ணிமா, எப்படியம்மா இதை எழுதினாய்? எங்களுக்கு ஏதாவது ஆனால் நேரத்துக்கு வந்து சேர முடியுமா என்று அத்தனை தூரத்தில் உட்கார்ந்து நீ பயப்படுவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரே மெச்சிய முதல் பாகத்தையே திருப்பி எழுதியிருந்தால் உனக்குக் கஷ்டமில்லை. நீ அப்படிச் செய்யவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தப் பக்கங்களை பஸ்ஸில் நானே படித்தேன், திக்கித் திக்கித்தான். ஆம்பூர் வந்தும் யாரும் இறங்கவில்லை, செக்யூரிட்டி வந்து கதவைத் தட்டினார். ஃபரீதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இன்னமும் புடிக்கலக்கா, ஆனா மூணாவது எப்ப வரும்னு கேளு" என்றாள். செல்லம்மாள் மனுவை வாபஸ் வாங்க மாட்டாளாம். மற்றவர்கள் எப்படியோ, என் கையெழுத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு சந்தோஷமாக இருங்கள். காலையில் வெறும் காபியோடு ஓடாதே. மூன்றாம் பாகத்தை எழுது, நாற்பத்தோரு பேர் கேட்டார்கள் என்று அவள் அம்மாவை மட்டும் எழுப்பிக் கொண்டுவராதே. நிலாமதிக்கு அம்மா இல்லை, இல்லாமலே இருக்கட்டும். உனக்கு நான் இருக்கிறேன், லீவு கிடைத்ததும் வந்து பார்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீர்ந்த அம்மா,
சோபனா