பால் சேராத நாட்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டன. ஆனால் புட்டிப்பால் கொடுத்தால் வயிறு உப்பி, மறுபடியும் போகிறது. துணி அலசி அலசிக் கை ஓய்ந்துவிட்டது. "அம்மாக்காரிக்குப் புருஷன் வீடு சேரல, மகளுக்குப் பால் சேரல" என்று என் அம்மா கேலி செய்கிறாள்.

"இனிமேல் பாலே சேராதா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"நோவுல குடல் புண்ணாயிருக்கும்மா. பால் மேலயும் தப்பில்ல, பிள்ளை மேலயும் தப்பில்ல. கொஞ்ச நாளைக்கு இந்த வேற பால்மாவு கொடுங்க. புண்ணு ஆறினா பழையபடி சேரும். அவசரப்படாதீங்க."

மருந்துக்கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். டாக்டரம்மா பாலைத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப்போக வருவதாகச் சொன்னீர்கள். இப்போது வேண்டாம். கொஞ்சம் ஆறட்டும்.

பாப்பாவின் அம்மா