படங்கின் அடியில் இருந்தவள்

என் ராக்குக் குட்டிக்கு,

உன் ஞானஸ்நானப் பெயர் ராகேல். நீ போன பிறகுதான் எல்லோரும் அந்தப் பெயரை வாய் நிறையச் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது லயத்து வீடுகளில் நீ ராக்கு, தேயிலை மலையில் ராக்கு, கங்காணிக்குக் கோபம் வந்தால் "ஏ ராக்காயி". "மதினி, சபைக்குள்ள மட்டும் அப்பிடிக் கூப்பிடாதீங்க, மானம் போகுது" என்று என் இடுப்பில் கிள்ளுவாய். இன்றைக்குக் கிள்ள ஆளில்லை. அதனால் தைரியமாகக் கூப்பிடுகிறேன்.

உன் அம்மா, என் அத்தை, சுகமாக இருக்கிறார். உன் அண்ணனை இருமல் இன்னும் விடவில்லை, அவரும் பீடியை விடவில்லை. நம் காம்பிரா அறையின் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. மழை பெய்தால் நாம் பேசுவது நமக்கே கேட்பதில்லை. நீ வளர்த்த கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. குளவி கூடு கட்டியிருந்த அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதே. சொல்ல முடிந்ததை முதலில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன்னைப் பற்றிச் சபைப் பத்திரிகையில் போட வேண்டுமாம். போதகர் ஐயா எழுதித் தரச் சொன்னார். நான் அஞ்சாம் வகுப்போடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். எனக்குச் சாட்சி எழுதத் தெரியாது, உனக்குக் கடிதம் எழுதத்தான் வரும். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். உன்னைப் பற்றி ஊரே ஒரு கதை சொல்கிறது, ராக்கு. அது உண்மையா என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நீ. மற்றவளுக்கு ஞாபகம் இல்லை.

உன்னை மாதிரி உதாரணம் சொல்ல யாருக்கு வரும்? புதன்கிழமை சாயந்திரம், கொழுந்துக் கறை போகாத கையோடு பெண்கள் ஜெபத்துக்கு வந்து உட்காருவோம். பாதிப் பேர் கொட்டாவி விடுவோம். நீ மெதுவாக ஆரம்பிப்பாய். "இன்னைக்குப் பனி எப்பிடி இருந்துச்சு? பக்கத்துச் செடி நெரை தெரிஞ்சுச்சா?"

"எங்க தெரிஞ்சுச்சு, என் கையே தெரியல."

"அப்ப தனியா கெடக்கோம்னு பயந்தீங்களா?"

"நீதான் வாய மூடாம பேசிக்கிட்டே இருந்தியே, எங்கிட்டுப் பயப்படுறது!"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பாய். "அதான். ஆண்டவர் முகம் தெரியலன்னா அவர் கொரலக் கேட்டுக்கிட்டே கொழுந்த எடுங்க." உன் பிரசங்கம் அதோடு முடிந்துவிடும். ஆனால் மறுநாள் பனியில் நிற்கும்போது அது ஞாபகம் வரும். ஐயாவின் பிரசங்கம் எனக்கு அப்படி ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை. இதைப் படித்தால் அவர் கோபிக்க மாட்டார்.

உன் அண்ணன் சீண்டாத நாள் உண்டா? தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போனால்தான் நம் போன்களில் சிக்னல் கிடைக்கும். "ஏன்டி ராக்கு, ஒன் கர்த்தருக்கு நம்ம லயத்துல டவர் இருக்கா, இல்ல அவரும் தாங்கிக்கிட்ட வந்தாத்தான் எடுப்பாரா?" என்று கேட்டார் ஒரு நாள்.

"டவரு எல்லா எடத்துலயும் இருக்குண்ணே. ஒன் போனுதான் எந்நேரமும் சாராயக் கடையில கெடக்கு."

அடுத்த புதன்கிழமை உன் அண்ணன் கதவுக்கு வெளியே இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நீ பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய்.

குளவியைப் பற்றிச் சொன்னதும் அப்படி ஒரு புதன்கிழமைதான். செடி கீறாமல், ஈரம் ஏறாமல் இருக்க இடுப்பைச் சுற்றி நாம் கட்டுகிற தடித்த படங்கை எடுத்து வந்து எல்லோருக்கும் முன்னால் விரித்தாய். "குளவி வந்தா ஓடாதீங்க. ஓடுறவளத்தான் தொரத்தும். படங்க அவுத்து, தலையோட போத்திக்கிட்டு, அசையாமப் படுங்க. கஷ்டம் வந்தாலும் அப்பிடித்தான். அவரோட செட்டைக்கு அடியில படுத்துக்கிட்டா, மேல என்ன சத்தம் கேட்டாலும் பயமில்ல." நான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

அப்படி ஆமென் சொன்ன நான், அந்தக் குளவி வந்த நாளில் படங்கைக் கட்டியிருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, புழுங்குகிறது என்று அவிழ்த்து நெரை முனையில் போட்டுவிட்டேன். நீ பார்த்தாய். "மதினி, எடுத்துக் கட்டுங்க."

"போடி. நீ எலும்பும் தோலுமா இருக்க, ஒனக்குப் புழுங்காது. என்னப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கங்காணி ரெண்டு படங்கு குடுத்தாலும் ஒங்களுக்குப் பத்தாது."

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. சிரித்துக்கொண்டேதான் பேசினோம்.

குளவி வந்தபோது நான் ஓடினேன். நீ சொன்ன ஒன்றும் காலுக்கு ஞாபகம் இல்லை. மழைத் தண்ணீர் போக வெட்டிய கானில் கால் சறுக்கி விழுந்தேன். கழுத்தும் காதும் நெருப்பாக எரிந்தன. நீ பக்கத்தில் வந்து விழுந்தது தெரியும், உன் மூச்சு என் முகத்தில் பட்டது தெரியும். அப்புறம் இருட்டு. என் மேல் படங்கு இருந்தது. பெண்கள் புகை போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது நான் அதன் அடியில் சுருண்டு கிடந்தேனாம். நீ வெளியே, இரண்டு கையாலும் முகத்தை மூடியபடி கிடந்தாயாம். இரண்டு பேரையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். நீ கண் திறக்கவே இல்லை.

"மதினிய மூடிட்டுத் தான் செத்துட்டா" என்றார்கள். யாரும் பார்க்கவில்லை. நாம் கிடந்த கிடையைப் பார்த்துச் சொன்னார்கள். அடக்க ஆராதனையில் ஐயாவும் அதையே சொன்னார். அதை யாரோ போனில் எடுத்து அனுப்ப, வெலிமடைவரை போய்விட்டது. எங்களுக்கு உதாரணம் சொன்ன உன்னையே இப்போது எல்லாச் சபையிலும் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

பண்டாரவளைக் கடையில் ஒரு நாள் லீக்ஸ் வாங்கப் போனேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம். அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்கதானே அந்தப் படங்கு அம்மா? வீடியோ பார்த்தேன். எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டாங்க." ஒரு கட்டு கேட்டவளுக்கு இரண்டு கட்டாக வைத்துக் கொடுத்தார். "ஒங்க நாத்தனா மனுசி இல்ல, மலக்கு" என்றார். மலக்கு என்றால் அவர்கள் பேச்சில் தேவதூதன். அந்த இரண்டு கட்டையும் பூனாகலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

ஏன் என்று உனக்கு மட்டும் தெரியும், இல்லையா? நான் இழுத்தேன், ராக்கு. அது ஞாபகம் இருக்கிறது. அந்தப் படங்கின் ஓரம் என் கைக்குள் இருந்தது. அதை இழுத்தேன், முழு பலத்தோடும் இழுத்தேன். நீ என்மேல் போட்டதை இழுத்து மூடிக்கொண்டேனா, உன்மேல் இருந்ததை உருவி எடுத்தேனா? அந்த இடம் மட்டும் பனி மூடின மாதிரி இருக்கிறது. கைக்கு இழுத்தது தெரிகிறது. எங்கிருந்து இழுத்தது என்று தெரியவில்லை.

அத்தையைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. "தின்னு. எம்மக உசுரு ஒங்கிட்டதான் இருக்கு" என்பார். கல்யாணமாகி வந்த காலத்தில் எனக்கு உப்புப் போடத் தெரியாது என்று லயம் முழுக்கச் சொன்ன அத்தைதான் இது. அந்த அத்தையே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார் ஐயா. பண்டாரவளைக் கோயில் நிறைய ஆட்கள். பீடத்துக்கு முன்னால் உருளைக்கிழங்கும் கரட்டும் குவித்திருந்தார்கள், ஒரு கூடையில் நம் கொழுந்தும் இருந்தது. அத்தை வெள்ளைச் சேலை கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டு இறங்கத்தான் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன். மைக்கைப் பிடித்ததும், கைக்கு அந்தப் படங்கின் ஓரம் மாதிரி இருந்தது.

"ராக்கு எனக்குப் படங்கு குடுத்தான்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்குத் தெரியல. நான் அதப் புடிச்சு இழுத்தேன். அவகிட்ட இருந்து புடுங்குனேனோ என்னமோ. தெரியாததத் தெரியும்னு ஆண்டவர் முன்னால எப்பிடிச் சொல்றது?" என்றேன்.

கீபோர்ட் வாசிக்கிற தம்பி பதறிப்போய் ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டான், யாரும் சேர்ந்து பாடவில்லை. அத்தை எழுந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தார். என் பக்கம் இடம் இருந்தது. கோயில் வாசலில் ஐயா என் கையைப் பிடித்து, "நான் விசாரிக்காமப் பேசிட்டேன் அம்மா. நீங்க சொன்னபடியே எழுதித் தாங்க" என்றார். அவர் மனசு லேசாகிவிட்டது. அத்தையின் மனசில் ஏறின பாரத்தை யார் இறக்குவது?

அதற்குப் பிறகு அத்தை என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். நடுத்துண்டு நின்றுபோயிற்று. அதில் ஒரு நிம்மதி இருந்தது என்று சொன்னால் நீ அடிப்பாய். ஆனால் அவர் தூங்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் தண்ணீர் கொட்டும் பீலியடியில் கம்பளியை அலசினேன். தண்ணீர் குடித்த கம்பளி ஒருத்தி பிழிகிற காரியமா? அத்தை வந்து மறுமுனையைப் பிடித்தார். பேசாமல் முறுக்கினோம். முறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்.

"எம்மக தானாக் குடுத்துட்டுப் போனான்னு இருந்துச்சு. அத நெனச்சுக்கிட்டுத்தான் கண்ண மூடுனேன். அதையும் எடுத்துட்டியே, பாவி."

கம்பளியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் ஆத்திரத்தில் இழுத்தார். நானும் இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. சட்டென்று அவர் கையை விட்டார். நான் பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன், மொத்தக் கம்பளியும் என் மடியில். பீலியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"புஷ்பம்."

"என்ன அத்தை?"

"அவ கையில இருந்து நீ எதையாச்சும் புடுங்கிருக்கியா? ஒரு சீப்பு? ஒரு கரண்டி?"

"எங்க அத்தை, அவ விட்டாத்தானே."

"ஒம் புருசன் சின்னதுல ஒரு பேக்கரிப் பணிசுக்கு அவகூட மல்லுக்கட்டுனான். அவனுக்குப் பல்லுதான் போச்சு, பணிசு வரல." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அத்தைக்கு. "அவ விடாம ஒனக்கு வந்திருக்காதுடி. எந்திரி, சேத்துல ஒக்காந்துகிட்டு."

அந்த வார்த்தை என்னை முழுசாகத் தூக்கி நிறுத்தியது என்று சொல்ல ஆசைதான். பாதிதான் நிறுத்தியது. குளவி கொட்டின விரல் தானாக விரிந்திருக்காதா? வலியில் விரிந்ததைக் கொடுத்தது என்று சொல்லலாமா? இதை நான் அத்தையிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அன்றிரவு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இப்போது புதன்கிழமை ஜெபத்தை நான்தான் நடத்துகிறேன். உன்னை மாதிரி வராது. முதல் நாள் எனக்குத் தெரிந்த ஒரே உதாரணத்தைச் சொன்னேன். என்னுடையதை நான் கழற்றிப் போட்டேன். ஆபத்து வந்தபோது ஓடினேன், விழுந்தேன். என்னை மூடியது என்னுடையது இல்லை. அதற்கு நான் தகுதியானவளும் இல்லை. நியாயமாக வாங்கினேனா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் அதன் அடியில் உயிரோடு இருந்தேன். ஆண்டவருடைய கிருபையும் அப்படித்தான் இருக்கும் போல என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். யார் என்று உனக்குத் தெரியும்.

ஆண்டவரை நம்புகிறேன், ராக்கு. என்னைத்தான் நம்ப முடியவில்லை. ஜெபம் பண்ணும்போது மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் சொல்லிவைக்கிறேன். எது எனக்கு உரியதோ அதை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். புதன்கிழமை ஜெபம் நிற்காது. மலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளைப் படங்கு கட்டாமல் நெரையில் இறங்க விடமாட்டேன், கெட்ட பெயர் வாங்கினாலும் சரி. அத்தை கண்ணை மூடும்வரை அவருக்கு மகளாக இருப்பேன். உன் கதையை நான் ஒரு நாளும் அழகாக்க மாட்டேன். நீ செய்யாததை உன்மேல் போட மாட்டேன், நான் செய்திருக்கக்கூடியதை மறைக்கவும் மாட்டேன்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். என் காதில் மட்டும் சொல். அந்தக் கானுக்குள், உன் மூச்சு என் முகத்தில் பட்ட அந்த நேரத்தில், நீயாகத்தான் கையை விட்டாயா, ராக்கு?

உன் அண்ணன் பெண்டாட்டி,
உன் மதினி புஷ்பம்