பனி எட்டாத ஓரம்

இன்று காலை கவுஞ்சி மலைக்கிராமத்தில் உன் பூண்டு வயல் முழுக்க உறைபனி. குனிந்து ஒரு இலையைத் தொட்டேன். விரல் நுனி சுட்டதுபோல எரிந்தது. உன் மனைவி வரப்பில் நின்று, "என்னண்ணே, இம்புட்டு வெள்ளனே வந்துட்டீங்க?" என்றாள். சும்மாதான் என்றேன். உன்னோடு பேச எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

மதுரையில் நாம் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது ஒரே கணினியைப் பங்குபோட்டுக்கொண்டோம். புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசி செலுத்தி, அதை உறையவைத்து அழிக்கும்போது குளிர் சதைக்குள் எதுவரை போகும் என்று கணக்கிடுவதுதான் நம் சோலி. ஓடும் ரத்தம்தான் நம்மைப் படாதபாடு படுத்தியது. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால் அது சூட்டைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். கட்டியின் அந்த ஓரம் உறையாமல் பிழைத்துவிடும்.

பல வருடங்கள் கழித்து உன் சிறுநீரகத்திலேயே கட்டி வந்தது. உறையவைத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஸ்கேன் படங்களோடு கொடைக்கானலில் என் வீட்டுக்கு வந்தாய்.

"ஏலே, நம்ம கணக்குல என்னையப் போட்டுப் பாரு. மறைக்காமச் சொல்லு."

போட்டேன். ரத்தக்குழாயை ஒட்டி ஒரு கீற்று மட்டும் உறையாமல், திரையில் சிவப்பாகவே நின்றது. திரையை உன் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் கெடக்கு," என்றாய்.

மருத்துவரிடம் காட்டினோம். அவருக்கும் அந்த இடத்தில்தான் சந்தேகமாம். அங்கே இன்னொரு ஊசி வைத்தார். கட்டி போயிற்று. ஆனால் நோய் அதற்கு முன்பே நுரையீரலுக்குப் போயிருந்தது. அதற்கு நம்மிடம் கணக்கு இல்லை.

நான் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது மெதுவாகச் சொன்னாய்: "நம்ம ஆய்வுல ரத்தத்தைத் தொந்தரவுன்னே எழுதிட்டோம்லே. பாவம், அது என்னைய உயிரோட வைக்கத்தான ஓடுச்சு."

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். முகம் தெரியாத யாரோ ஒருவரின் படத்தில் அந்தக் கீற்று சிவக்கும்போது, அது உறைய வேண்டுமே என்று பதறுகிறேன். கூடவே, அவருக்குள் ரத்தம் இன்னும் சூடாக ஓடுகிறது என்று ஒரு கணம் நிம்மதியும் வருகிறது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள நீ ஒருவன்தான் இருந்தாய்.