இரண்டு ஷாட் பாக்கி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். போனில் எதைக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் என்கிறாய், அதற்குள் பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள், டப்பென்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நடுவில் வைக்க முடியாது பார், அதனால்தான் மத்தியானமே தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீச்சர் நாலு சட்டையை இடுப்பில் பிரித்துவிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அது நாளைக்கு ஆகட்டும்.

உன் வேலையைப் பற்றி மாமாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். சினிமா படிக்கிற பிள்ளைகளை மூன்றாம் வருடம் முழுக்கக் கம்பெனியில் வேலை பழக அனுப்புகிறார்கள் என்றதும் என் தம்பி நீ காமிராவுக்குப் பக்கத்தில் நிற்பாய் என்று நினைத்துக்கொண்டான். காமிராவுக்கு ரெண்டு தெரு தள்ளி நிற்கிறாள் என்று நான்தான் திருத்தினேன். முதல் நாலு மாதம் தெருமுனையில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சத்தம் போடாமல் போங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய், அப்புறம் பதவி உயர்ந்து, ஷாட்டுக்குள் வந்து உட்காருகிற புறாவை விரட்டப் போனாய். உன் வேலைப் பதிவேட்டில் மேலதிகாரி ‘புறாக்களைப் பொறுமையோடு கையாள்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதை அப்பா ஆபீஸில் காட்டாத ஆள் இல்லை. இப்போது கன்டினியூட்டி பார்க்கிற அம்மாவுக்கு உதவியாள் ஆகியிருக்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷம். நடிகர் கிளாஸை எந்தக் கையில் பிடித்தார், எவ்வளவு குடித்தார், பட்டன் போட்டிருந்தாரா என்று குறித்துக்கொண்டே இருக்கவேண்டும், போன வாரம் எடுத்ததும் இந்த வாரம் எடுப்பதும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்று விளக்கமாகச் சொன்னாய். எனக்கு விளக்கவே வேண்டாம். பதினோரு மாதமாக இந்த வீட்டில் வேறென்ன நடக்கிறது என்று நினைக்கிறாய்?

நீ கிளம்பிய அவசரத்தில் உனக்கு மறந்திருக்கலாம். முன்னறையில் அப்பாவை வைத்துப் பரீட்சைக்குப் படம் எடுத்தாய். வருஷக்கணக்காக வைத்திருந்த மீசையை ஒருவர் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார், பாதி எடுத்ததும் மணி அடிக்கிறது, அப்படியே திரும்பி வாசலைப் பார்க்கிறார், அதுதானே கதை. அப்பா நிஜமாகவே பாதியை எடுத்தார். அவர் கதவைத் திறப்பது ஒரு ஷாட், திரும்பி வந்து மீதியை எடுப்பது ஒரு ஷாட், அந்த ரெண்டும் பாக்கி இருக்கும்போது கம்பெனி உன்னை ஒரு வாரம் முன்னாடியே கூப்பிட்டுவிட்டது. நீ பதினேழு சாமான் எழுதிய பட்டியலைக் கதவில் ஒட்டினாய், நாற்காலிக் கால் நாலுக்கும் தரையில் பச்சை டேப் ஒட்டினாய், ரெண்டே வாரத்தில் வந்துவிடுவேன் அதுவரைக்கும் எதையும் நகர்த்தாதீங்க என்று சொல்லிவிட்டு ஓடினாய். நாங்களும் நகர்த்தவில்லை.

கடிகாரம் ஒன்பது பத்தில் நிற்கிறது, பேட்டரி என் நூல்பெட்டியில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அதைப் பார்த்துவிட்டு அப்பா ரெண்டு தடவை பஸ்ஸை விட்டார். மேஜைமேல் பாதி டீயோடு கிளாஸ் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய், டீ பூசணம் பிடிக்காதா, அதனால் கிளாஸில் அளவுக்கு ஒரு சிவப்பு நூலைச் சுற்றிவைத்துத் தினமும் காலையில் அதுவரை ஊற்றி சாயங்காலம் கொட்டுகிறேன். விரித்துப் போட்ட பேப்பர் வெயில் பட்டு மஞ்சளானதும் அப்பா பத்திரிகை ஆபீஸ் கிடங்குக்கே போய் அதே தேதியில் ஆறு பிரதி கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர் உங்க போட்டோ வந்திருக்கா என்று கேட்டாராம், இல்லை, கன்டினியூட்டி என்றாராம் இவர். அந்த மனிதர் உடனே ஆறையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க ஆள் கூட்டிவந்தபோது அப்பா சுவரை மறைத்துக்கொண்டு நின்றார், ஒரு மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் மூன்று சுவருக்கு மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். மாமா தெரியாத்தனமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், அப்பா என் இஞ்ச் டேப்பை எடுத்துவந்து அளந்து நாற்காலியைப் பழைய இடத்தில் நிறுத்தும்வரை அவனோடு பேசவில்லை. என்னிடம் துணி தைக்க வருகிறவர்களுக்கு நான் அளவெடுப்பது இப்போது சமையலறையில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில். குண்டாக இருக்கிறவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மீசை. ஒருநாள் விட்டு ஒருநாள் வலது பக்கத்தைச் சுத்தமாக மழிக்கிறார், இடது பக்கத்தை நீ எடுத்த போட்டோவைக் கண்ணாடியில் செருகிவைத்துக்கொண்டு கத்தரியால் ஒழுங்கு பண்ணுகிறார். அவர் வேலையோ லைசென்ஸ் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைப் போட்டோ எடுப்பது. சிரிக்காம நேரா என்னைப் பாருங்க என்று சொல்லவேண்டியவர் இவர். இவரைப் பார்த்துவிட்டு யார் சிரிக்காமல் இருப்பார்கள்? இந்த வருஷம் லைசென்ஸ் வாங்கினவர்கள் அத்தனை பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கிளையில் மட்டும் ஏன் இந்தச் சந்தோஷம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டு மெமோ வந்தது. விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார், எங்கே என்னை எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று விறைப்பாக ஸ்டூலில் உட்கார்ந்தார், மூன்று தடவை எடுத்தும் மூன்றிலும் சிரிப்பு. அவர் அறிக்கையில் என்ன எழுதினார் என்று தெரியவில்லை, ஆனால் இது ஏதோ போராட்டம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து ஜன்னல்காரர் ரெண்டு பேர் அடுத்த வாரமே பாதி மீசையோடு வந்துவிட்டார்கள். கோரிக்கை என்ன என்று மேனேஜர் கேட்டதற்கு அவர்களுக்கே தெரியவில்லை, யோசித்துப் பார்த்துவிட்டுக் கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்றார்களாம். மறுநாளே குழாயை மாற்றிவிட்டார்கள். அவர்கள் ரெண்டு பேரும் மீசையை எடுத்துவிட்டார்கள், அப்பா எடுக்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதைச் சிரிக்காமல் படி. ரெண்டு மாதத்துக்கு முன்னால், அன்றைக்குக் காமிரா பிடித்தாளே உன்னோடு படிக்கிற பெண், அவள் இங்கே விட்டுப்போன லைட் ஸ்டாண்டை எடுத்துப்போக வந்தாள். முன்னறையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். படத்தைக் கொடுத்து எட்டு மாதம் ஆயிற்று, மணி அடிப்பதோடு அவர் திரும்பிப் பார்க்கிற இடத்திலேயே முடித்துக் கொடுத்தோம், அதுதான் சரியான முடிவு என்று பேராசிரியர் பாராட்டி வகுப்பிலேயே அதிக மார்க் போட்டார், உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டாள். சொல்லியிருப்பா, நான்தான் மறந்திருப்பேன் என்று சமாளித்து ஸ்டாண்டைக் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் நீ பக்கத்தில் இல்லாதது உன் நல்ல நேரம். படத்தைப் பாதியில் நிறுத்தினால் பாராட்டுவார்களாம், ஒரு மனுஷன் பாதியில் நின்றுபோய் தினமும் பஸ் ஏறுகிறாரே அதற்கு யார் மார்க் போடுவது? கோபம் தணிந்ததும் பயம் வந்தது. அந்த வாரம்தான் நீ போனில், வருஷம் முடிந்ததும் நேராக விடுதிக்குப் போய்விடுவேன் நடுவில் வீட்டுக்கு வர நேரம் இருக்காது என்று சொல்லியிருந்தாய். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படமும் முடிந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் ஒடிந்துபோவார் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் டீயை நூல்வரைக்கும் ஊற்றினேன்.

போன வாரம் அப்பாவுக்கு மேற்பார்வையாளராக உத்தரவு வந்துவிட்டது. பதினான்கு வருஷம் காத்திருந்தது உனக்கே தெரியும். முழு முகமும் ஒழுங்காகத் தெரிகிற புதுப் போட்டோவை முப்பதாம் தேதிக்குள் கொடுத்தால்தான் அடையாள அட்டை, அட்டை இருந்தால்தான் பொறுப்பு ஏற்க முடியும். இல்லாவிட்டால் அது அடுத்த ஜன்னல் சுருட்டைமுடிக்காரருக்குப் போய்விடும். இதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸரை அவர் கையில் கொடுத்து, பொண்ணு படத்தை எப்பவோ முடிச்சுக் கொடுத்துட்டா, மீதியையும் எடுத்துடுங்க என்று சொன்னேன். அவர் அதிரவே இல்லை. “தெரியும்” என்றார். “மூணு மாசமா தெரியும்.” எனக்கு முன்னாலேயே, பாப்பா. உன் துறைக்கே போன் போட்டு, கதாநாயகன் பேசறேன், மீதி ஷூட்டிங் எப்போ என்று கேட்டிருக்கிறார். பேராசிரியரே வாங்கிப் பேசி, வாசலைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை பிரமாதம் சார் என்றாராம். அதை என்னிடம் சொல்லிப் பெருமைப்படக்கூட முடியாமல், எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக நான் டீ ஊற்றுகிறேன், எனக்காக அவர் பாதி மீசையை மழிக்கிறார், ரெண்டு பேருக்குமே தெரியும் படம் முடிந்துவிட்டது என்று. அப்படியானால் எதற்குங்க இந்த வேஷம், இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ரேஸரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு ஷாட் பாக்கி இருக்கிற வீடுன்னா அவ வந்துதானே ஆகணும். எல்லாம் முடிஞ்ச வீட்டுக்கு எதுக்கு வருவா?”

நான் அவரைத் திட்டினேன், விவரம் கெட்ட மனுஷன், பொண்ணு வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேணுமா என்று சத்தம் போட்டேன். அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. அன்றிலிருந்து தினமும் சொல்லிப் பார்க்கிறேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன், மீசையில் கைவைக்கவிடவில்லை. படம் எடுத்தவ சொல்லட்டும் என்கிறார். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, ஒருவர் கிளாஸை எந்தக் கையில் பிடித்தார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய், நல்ல வேலைதான். எங்களுக்குச் சொல்லாதது மறதியா வெட்கமா என்று நான் கேட்கப்போவதில்லை. இருபத்தெட்டாம் தேதிக்குள் ஒரேயொரு நாள் வந்துபோக முடியுமா பார். காமிரா வேண்டாம், போன் போதும், அதில் சார்ஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் கதவைத் திறக்கட்டும், மீதியை எடுக்கட்டும், நீ வாய்விட்டு ‘கட்’ சொல்லு, இந்த வீட்டில் வேறு யார் சொன்னாலும் அவர் நிறுத்தமாட்டார். நிஜமாகவே வர முடியாவிட்டால் போனிலாவது சொல்லு, ஆனால் படம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதே. பாக்கி ஒன்றும் இல்லாவிட்டாலும் வருவேன், இன்ன தேதிக்கு வருவேன் என்று அவரிடம் சொல்லு. அதை நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார், எனக்கும் அதை நீ சொல்லித்தான் கேட்கவேண்டும்.

வெயிலில் தெருவில் நிற்கும்போது தலைக்கு ஏதாவது போட்டுக்கொள். தண்ணீர் பாட்டிலை யாருக்கும் கொடுத்துவிட்டு நிற்காதே. பதிவேட்டில் மாதாமாதம் கையெழுத்து வாங்கிவிடு, கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று இருக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், பெரிய ஆளாக வரவேண்டும், எங்கே இருந்தாலும் என் நினைப்பு உன்னோடு இருக்கும். முப்பதாம் தேதியை மறந்துவிடாதே. உனக்கு எழுதுகிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும், என்ன எழுதுகிறேன் என்று தெரியாது, அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அவசரம் ஒன்றும் இல்லையாம், நீ வேலையைக் கவனிக்கவேண்டுமாம், இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறதாம்.

உன் அம்மா