அக்காவும் மஞ்சள் விளக்கும்

மார்ச் 5, வியாழன்

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் கார் குலுங்கியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு. அக்கா ஓரங்கட்டினாள். நான் பையில் வாந்தி எடுத்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம்தான் விளக்கைக் கவனித்தாள்.

மார்ச் 6, வெள்ளி

குலுங்கிக் குலுங்கியே போய் வந்தோம். பட்டறையில், "அடுத்த வாரம் பூரா வண்டி இங்க நிக்கணும்மா" என்றார்கள். சிகிச்சையோ ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. வாடகைக் காரில் போகலாமே என்றேன்.

"யாரோ ஓட்டுற வண்டின்னா நீ கூச்சப்பட்டு வாந்திய அடக்கிட்டே வருவே. எனக்குத் தெரியாதா உன்ன?"

மார்ச் 7, சனி

அக்காவின் முதல் கார் நினைவுக்கு வந்தது. ஞாயிறானால் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பாள். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாள். இந்தக் காரில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான். "இது காரா, டப்பாவா?" என்று வாங்கிய அன்றே திட்டினாள்.

திட்டியதோடு விட்டாளா? விரல் நீளத்தில் ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறாள். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால், கோளாறு கைப்பேசியில் எழுத்தாக வருகிறது. எஞ்சினின் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லையாம்.

"எங்கன்னுதான் இது சொல்லும். ஏன்னு நாமதான் பார்க்கணும்."

அந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினாள், இரண்டாவதின் காயிலை இதில். கோளாறும் கூடவே இரண்டாவதுக்குத் தாவியது.

"மாட்டிக்கிட்டியா!" — காயிலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இந்த வயதில் இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாள்? கேட்டேன்.

"நீ தூங்குறப்போ."

மார்ச் 8, ஞாயிறு

புதுக் காயில் மாட்டியாயிற்று. விளக்கு அணைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லைட்டு அணைஞ்சதுக்கா அழறே, லூசு?"

அதற்கா அழுதேன்?

மார்ச் 9, திங்கள்

போய் வந்தோம். ஒரு குலுக்கல் இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

கடைசி முறை. மருத்துவர் எனக்குக் கைகொடுத்துவிட்டு அக்கா பக்கமும் நீட்டினார். அவள் நகமெல்லாம் கிரீஸ். துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அவரே பிடித்துக் குலுக்கினார்.

மே 23, சனி

இன்று நான் ஓட்டினேன். போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை, சும்மாதான். "கிளட்ச்ச மெதுவா விடு... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே வந்த அக்கா, ஊரைத் தாண்டுவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

வண்டியை வீட்டுக்குத் திருப்பினால் எழுந்துவிடுவாள். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.